டிவியில் மாட்டிய கணினி இரைகிறதா?

படம் பார்க்க டிவியோடு இணைத்திருக்கும் விண்டோஸ் கணினியின் ஃபேன் இரைந்தால், பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் போய் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 ஆக்கிவிடுங்கள். ஒரு சதவீதம்தானே என்று விட வேண்டாம், பெரும்பாலான கணினிகளில் இதோடு டர்போ வேகம், அதாவது ப்ராசஸர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்றுவிடும், சூடு குறையும், ஃபேனும் அடங்கும். வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையைக் கிராஃபிக்ஸ் பகுதியே பார்த்துக்கொள்வதால் படம் திக்காது.

ஆத்தங்குடி டைல்ஸ் தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவருமாக இருக்கும் நம்ம காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் சின்ன இரைச்சலும் கூடம் முழுக்க எதிரொலிக்கும், வசனம் பாதி கலைந்துபோகும், அதனால் அப்பத்தாவுக்கு மட்டுமில்லை, காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் சப்டைட்டில் தேவைதான். எஸ்ஆர்டி எனும் சப்டைட்டில் ஃபைலுக்கு வீடியோவின் பெயரையே எழுத்து பிசகாமல் வைத்து அதே ஃபோல்டரில் போடுங்கள், படம் ஓட்டும் விஎல்சி மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும். தமிழில் நீங்களே அடிப்பதாக இருந்தால் தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள்.

எச்இவிசி எனும் சுருக்க முறையில் வரும் வீடியோவைத் தாங்காத பழைய கிராஃபிக்ஸ் உள்ள கணினிக்கு இந்த 99 சதவீத வழி சரிவராது, 4கே படம் திக்கித் திக்கித்தான் ஓடும். சில லேப்டாப்களில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்ற வரியே கண்ணில் படாது. ஃபேனில் தூசி அடைத்திருந்தால் முதலில் அதைத் துடையுங்கள்.