சரிவு நிலத்துச் சோளத்துக்கு யூரியா: அரை மூடிக் கணக்கு

பதுளை மாவட்டத்துப் பசறைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்குப் பின்னால் சரியும் 20 பேர்ச்சஸ் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) நிலத்தில் ஒவ்வொரு பெரும்போகத்திலும் சோளம், அதாவது மக்காச்சோளம், போடுகிறேன். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் வெளிச்சம் ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சும். அந்த அவசரத்தில் முன்பெல்லாம் யூரியாவைக் கை நிறைய அள்ளி வீசிவிட்டு வருவேன். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். நவம்பரில் தடை நீங்கிய பிறகும் விலை எங்களுக்கு எட்டவில்லை. பழைய பையின் அடியில் ஆறு கிலோ கிடந்தது. அதை வீச மனம் வராமல், செடி செடியாகக் குழி கிள்ளி வைத்து மூடினேன். வீசிய ஆண்டுகளில் தண்ணீர் வடியும் கான் ஓரத்துப் புல் கரும்பச்சையாக நிற்கும். அந்த ஆண்டு சோளம் அப்படி நின்றது. அதிலிருந்து நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீற்றர், செடிக்குச் செடி 30 சென்டிமீற்றர் என்று நட்டால் 20 பேர்ச்சஸில் ஏறக்குறைய 2,800 செடிகள் நிற்கும். குளிர்பானப் போத்தலின் மூடியில் யூரியாவை நிரப்பி, நூறு மூடியைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: 400 கிராம். ஆக, மூடிக்கு நான்கு கிராம். உங்கள் மூடியை நீங்களே நிறுத்துப் பாருங்கள், மூடிக்கு மூடி வேறுபடும். ஒரு செடிக்கு ஒரு தடவை அரை மூடி, அதாவது இரண்டு கிராம். இரண்டு தடவைக்கும் சேர்த்து 11 கிலோவும் கொஞ்சமும் ஆகும். நடும்போது இடும் மூன்று கிலோவையும் கூட்டினால் 14 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். மண்ணுக்குச் சேர்வது ஆறரைக் கிலோ நைதரசன். மாட்டெரு தாராளமாகப் போடுகிற என் நிலத்துக்கு இது போதும். எருவே காணாத நிலமானால் கூடுதலாகத் தேவைப்படும். விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

எருவை நன்றாக மக்க விட்டு, விதைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே மண்ணில் கலந்துவிடுவேன். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியைப் பச்சையாகப் புதைக்காதீர்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தங்களுக்கே இழுத்துக்கொள்ளும், பயிர் வெளிறிப்போகும். எங்கள் மண் புளித்த மண். புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் இடுவதானால் ஒரு மாதத்துக்கு முன்பே இட்டுவிட வேண்டும். டொலமைட்டும் யூரியாவும் ஒன்றாகச் சேர்ந்தால் நைதரசன் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும்.

இனி, எப்போது இடுவது? நான்கு கிழமையில் மேலுரம் (வளரும் பயிருக்கு இடும் உரம்) என்று எல்லோரும் சொல்வார்கள். மொனராகலைப் பக்கத்து வெயிலுக்கு அந்தக் கணக்குச் சரியாக வரலாம். இங்கே மூட்டம் கட்டிக் குளிர்ந்தால் செடி ஒரு கிழமை, சில வேளை பத்து நாள்கூடப் பின்தங்கும். ஆகவே நான் நாளை எண்ணுவதில்லை, இலையை எண்ணுகிறேன். இலை தண்டைத் தழுவும் இடத்தில் வெளிறிய கழுத்துப் பட்டை தெரியும். பட்டை தெரிகிற இலையை மட்டும் எண்ண வேண்டும்; குருத்தில் சுருண்டிருப்பது கணக்கில் சேராது. முதல் இலையின் நுனி மட்டும் உருண்டையாக இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். அடியிலைகள் பிறகு காய்ந்து உதிர்ந்துவிடும், எண்ணிக்கை குழம்பும். அதற்காகப் பத்துச் செடிகளில் ஐந்தாம் இலைக்குப் பழைய சேலையின் சிவப்பு நூலைக் கட்டிவைக்கிறேன்.

ஆறு கழுத்துத் தெரிந்ததும் முதல் அரை மூடி. அதுவரை செடி உறிஞ்சும் நைதரசன் மிகக் கொஞ்சம்; அந்த வயதில் கொட்டிவைத்தால் மழைதான் கொண்டுபோகும். அதன் பிறகு செடி மளமளவென்று ஏறும். கதிரில் எத்தனை மணி வரிசை என்பதும் அதையொட்டியே முடிவாகிறது, அந்த நேரத்தில் அதைப் பட்டினி போடக் கூடாது. பத்துக் கழுத்து ஆனதும், மண் அணைக்கும் நாளிலேயே இரண்டாம் அரை மூடி. பட்டுநூல் வெளிவந்த பிறகு இட்டால் பலன் சொற்பம்.

இடும் இடம் சரிவில் மிக முக்கியம். செடியின் மேற்புறத்தில், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, இரண்டு அங்குல ஆழத்துக்குக் குச்சியால் குழி. அரை மூடியைப் போட்டு உடனே மூடி மிதித்துவிடுங்கள். பணியப் பக்கம் வைத்தால் கரைந்த உரம் வேரைத் தொடாமல் கானுக்கு இறங்கிவிடும். மேலாகக் கிடக்கும் யூரியா வெயிலில் வாயுவாகும், பெருமழையில் அடித்துப்போகும். குருத்துக்குள் ஒரு யூரியா மணி விழுந்தாலும் இலை கருகும். களை பிடுங்கிய பிறகே இடுகிறேன். புல்லுக்கு ஊட்ட எனக்கு வசதியில்லை. முதல் நாள் மாலை மழை பெய்து, காலையில் மண் ஈரமாக இருந்தால் அதுவே நல்ல நாள். அதனால் மேலுர வேலையை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்கிறேன். வானம் அடைத்துப் பெய்துகொண்டே இருந்தால் அடுத்த ஞாயிறு வரை பொறுக்கிறேன், தவறில்லை.

இடையில் இலையைப் பாருங்கள். அடியிலையின் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியே அம்பு முனைபோல் மஞ்சள் இறங்கினால் நைதரசன் குறைவு. விளிம்பு மட்டும் மஞ்சளாகிக் கருகினால் பொட்டாசியக் குறைவு, அதற்கு யூரியா மருந்தல்ல. சிறு செடி ஊதா நிறம் காட்டினால் பெரும்பாலும் குளிர், அல்லது பொசுபரசுக் குறைவு. பக்கத்து லயத்து அண்ணன் ஊதாவைக் கண்டதும் யூரியாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். "வெயில் வரட்டும் அண்ணே, நாலு நாள் பாருங்கள்" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். வெயில் வந்தது, புதிய இலைகள் பச்சையாகவே விரிந்தன.

இந்தப் போகத்தில் மேட்டோரம் ஒரு வரிசைக்கு இரண்டாம் அரை மூடியை இடாமல் விட்டு, தலைமாட்டில் தடி நட்டிருக்கிறேன். அந்த வரிசைக் கதிர்களைத் தனிச் சாக்கில் முறித்து, அடுத்த வரிசையின் சாக்கோடு அதே கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பேன். நிறையில் வித்தியாசம் இல்லாவிட்டால் வரும் ஆண்டு ஐந்து கிலோ யூரியாக் காசு பிள்ளைகளின் கொப்பிகளுக்கு ஆகும்.