ரிம் வாங்கும்முன் தராசில் வையுங்கள்

அலாய் ரிம் என்றாலே எடை குறைவு என்று நம்பி வருகிறவர்கள்தான் அதிகம். டயர் மாற்றுவதும் சக்கரம் பேலன்ஸ் செய்வதும் என் தொழில். இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தராசு வைத்திருக்கிறேன். பேச்சு நீண்டால் இரண்டு ரிம்களையும் அதில் ஏற்றிக் காட்டிவிடுவேன். 15 அங்குல இரும்பு ரிம் 8 கிலோ காட்டும். பளபளக்கும் 17 அங்குல வார்ப்பு அலாய் 10, 11 கிலோ காட்டும். இரண்டு அங்குலம் கூடியதிலேயே அலுமினியத்தின் அனுகூலம் கரைந்துவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, வண்டியில் இப்போது இருப்பதை எடை பார்ப்பது. டயர் மாற்றும் நாளில் ரிம்மைத் தனியாகவும் டயரைத் தனியாகவும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் எடை பார்க்கும் தராசு போதும்: ரிம்மைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடலாம். டயரை விட்டுவிடாதீர்கள். ஒரே அளவு டயரிலேயே மாடலுக்கு மாடல் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரும். அந்த எடை அச்சிலிருந்து மிகத் தொலைவில் சுழல்வது.

அடுத்து, எதை எதிர்பார்க்கலாம் என்ற கணக்கு. சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் பத்துக் கிலோ குறைத்ததற்குச் சமம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. வேகமெடுப்பதைப் பொறுத்தவரை அது வெறும் கதை. ரிம்மின் வளையப் பகுதியில் குறையும் ஒரு கிலோ ஏறத்தாழ 1.4 கிலோவுக்குச் சமம். டயரின் ஓடுபரப்பில் குறைந்தால் கிட்டத்தட்ட 2 கிலோ. அதற்கு மேல் இயற்பியல் இடம்கொடுக்காது. சக்கரத்துக்கு 2 கிலோ வீதம் நான்கிலும் 8 கிலோ குறைத்தால் 11, 12 கிலோ குறைந்ததுபோல் ஆகும். 1,200 கிலோ காரில் அது நூற்றில் ஒரு பங்கு. 10 நொடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும் கார் 9.9 நொடியில் தொடும், அவ்வளவே. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகிறவருக்கு மைலேஜ் கூடியதாகத் தெரியவே தெரியாது.

பலன் தெரிவது மோசமான சாலையில்தான். அதே காரில் ஒவ்வொரு மூலையிலும் சுமார் 300 கிலோ நிற்கிறது. அதில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் ரிம், டயர், பிரேக், ஹப் (ரிம் மாட்டப்படும் நடுப்பாகம்) எல்லாம் சேர்ந்து 35, 40 கிலோதான். ரிம்மிலும் டயரிலுமாக 4 கிலோ குறைந்தால் அந்தக் கீழ் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. இதே 4 கிலோவை டிக்கியிலிருந்து இறக்கினால் யாருக்கும் எதுவும் தெரியாது. குண்டும் குழியுமான இடத்தில் சக்கரம் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை துள்ளும். ஒவ்வொரு துள்ளலையும் ஷாக் அப்சார்பர்தான் அடக்க வேண்டும். கனமான சக்கரம் மேலே எழும்பினால் திரும்பத் தரையைப் பிடிக்க நேரமெடுக்கும். அந்த நேரத்தில் பிரேக் மிதித்தால் பிடிமானம் குறையும். ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள புஷ், பால் ஜாயின்ட் ஆகியவை சீக்கிரம் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எடையைக் குறைப்பது எப்படி? அளவைக் குறையுங்கள், உலோகத்தைக் குறைக்காதீர்கள் என்பேன். 195/65 ஆர்15, 205/55 ஆர்16, 225/45 ஆர்17 (கடைசி எண்தான் ரிம்மின் அங்குல அளவு) ஆகிய மூன்று டயர்களுக்கும் வெளிவிட்டம் 632 முதல் 635 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் பக்கச்சுவரின் உயரம் 127, 113, 101 மில்லிமீட்டர் என்று இறங்கிக்கொண்டே போகும். குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பரும் காற்றும்தான். பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடம்கொடுக்கிற மிகச் சிறிய அளவை எடுங்கள். தோற்றத்துக்காகப் பெரிய ரிம் போடுவது அவரவர் ஆசை, ஆனால் அதைச் செயல்திறன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மெலிந்த வார்ப்பு ரிம் என்ன செய்யும் என்று நான் பார்ப்பது தண்ணீர்த் தொட்டியில். வாரத்துக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது என்பார்கள். ஆணி இருக்காது, வால்வும் சரியாக இருக்கும். தொட்டியில் அமிழ்த்தி மெதுவாகத் திருப்பினால், ரிம்மின் உட்பக்க விளிம்புக்குச் சற்றுக் கீழே ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பும். அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குக் கீறல் தெரியாது. குறுக்கே நகத்தை ஓட்டினால்தான் தட்டுப்படும். வெளிமுகம் ஒரு கீறலும் இல்லாமல் மின்னிக்கொண்டிருக்கும். வெல்டிங் வைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், நான் மறுத்துவிடுவேன். வெப்பப் பதப்படுத்தலால் வந்த உறுதி வெல்டிங் சூட்டில் சுற்றுப்புறம் முழுவதும் போய்விடும்; அடுத்த வெடிப்பு அதன் ஓரத்திலேயே தொடங்கும். இரும்பு ரிம்முக்கு இந்தத் தொல்லை குறைவு, அடிபட்டால் பெரும்பாலும் வளையும்.

எடை குறைவாகவும் உறுதியாகவும் வேண்டுமென்றால் தயாரிப்பு முறையைக் கேளுங்கள். அச்சில் ஊற்றி வார்த்தது மலிவு, உறுதிக்காக உலோகம் தடிப்பாக இருக்க வேண்டும். வார்த்தபின் வளையப் பகுதியை உருளைகளால் அழுத்தி நீட்டியதை ஃப்ளோ ஃபார்மிங் என்பார்கள். வளையம் மெலிந்தாலும் தாங்கும். எடை குறைய வேண்டிய இடமும் அதுதான். அழுத்தி அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங் ரிம் எல்லாவற்றிலும் மேல், விலையும் அப்படியே.

ரிம்மைத் திருப்பி ஆரங்களின் பின்பக்கம் பாருங்கள். அளவு, ஆஃப்செட் (ஹப்பில் அமரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது), தாங்கும் எடை ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானியத் தரக்குறியான ஜே.டபிள்யூ.எல். இருந்தால் நல்லது; கூடவே, அதைத் தனி அமைப்பு சரிபார்த்ததற்கான வி.ஐ.ஏ. குறியும் இருந்தால் இன்னும் நம்பலாம். தாங்கும் எடை எதுவும் பொறிக்காத ரிம்மை எவ்வளவு இலேசாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். கணக்கு எளிது: வண்டியில் தயாரிப்பாளர் பதித்த எடைத் தகட்டில் ஒரு அச்சுக்கு 1,000 கிலோ என்றிருந்தால் ஒவ்வொரு ரிம்மும் 500 கிலோவாவது தாங்க வேண்டும். டயரின் சுமை எண்ணுக்கும் இதே விதி. 91 என்றால் 615 கிலோ. மின்சாரக் கார்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரியின் பாரத்தால், அதே உருவமுள்ள பெட்ரோல் காருக்குப் போதுமான ரிம் அதற்குப் போதாமல் போகலாம்.

ஆஃப்செட்டை மாற்றி, சக்கரத்தை வெளியே தள்ளி நிற்க வைக்கும் மோகமும் உண்டு. அதனால் வீல் பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசை கூடும், ஸ்டியரிங் இழுக்கும். எடையில் மிச்சம் பிடித்ததைப் பேரிங்கில் இழக்க வேண்டாம்.

மாட்டும்போது ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவளையம் போடுங்கள். இல்லாவிட்டால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. நட் ரிம்மில் அமரும் முகம் கூம்பா, உருண்டையா என்று ரிம்மோடு ஒப்பிடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக, கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள். ஸ்டெப்னி இரும்பு ரிம்மாக இருந்து, புது அலாய்க்கு நட் வேறாக இருந்தால், பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள்.