செனிசே இனிப்பு மிளகாய்: காயவைத்து மொறுமொறுவென்று பொரிக்கும் முறை

இத்தாலியின் பசிலிகாத்தா பகுதியில் செனிசே ஊரைச் சுற்றி விளையும் இந்த மிளகாயில் காரம் கிடையாது. தோல் மெல்லிசு, நீர்ச்சத்தும் குறைவு; அதனால் அழுகாமல் காய்கிறது, காய்ந்த பிறகும் காம்பு கழன்று விழாது. 1996-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு பெற்ற ரகம். இதன் வற்றலைப் பொரித்தால் ‘பெப்பெரோனி க்ருஸ்கி’. தடித்த சதையுள்ள குடைமிளகாயில் முயலவே வேண்டாம். உலர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.

காயவைத்தல்

முழுக்கச் சிவந்த பழங்களை நிழலில், காற்றோட்டமாக, வலைமேல் இரண்டு மூன்று நாள் பரப்புங்கள். பிறகு காம்படியில் ஊசிநூல் கோத்துச் சரமாக வெயிலில் தொங்கவிடுங்கள். சதையில் ஊசி பட்டால் அங்கிருந்துதான் கெட ஆரம்பிக்கும். குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும்.

சுத்தம்

கழுவாதீர்கள், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். காம்பைக் கிள்ளி விதைகளை உதறுங்கள். தங்கும் விதை எண்ணெயில் கருகிக் கசக்கும்.

பொரித்தல்

பலருக்கும் சொதப்புவது இங்கேதான். மிளகாயை வளைத்துப் பாருங்கள். தோல்போல வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது: 60 டிகிரி அவனில் 10–15 நிமிடம் வைத்து, ஆறவிட்டு எடுங்கள்.

சின்ன வாணலியில் இரண்டு விரற்கடை ஆலிவ் எண்ணெய், 160–170 டிகிரி. ரொட்டித்துண்டு போட்டுச் சூடு பார்ப்பதெல்லாம் இதற்குச் சரிவராது, வெப்பமானி வாங்கிவிடுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டு, உப்பி நிறம் பளிச்சென்றானதும் எடுத்துவிடுங்கள். மூன்று முதல் ஐந்து விநாடிதான்.

எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ‘இன்னும் மொறுமொறுப்பு வரவில்லையே’ என்று விட்டுவைத்தால் பழத்தின் சர்க்கரை கருகிப் பழுப்பேறும், வாயில் வைக்க முடியாது. மொறுமொறுப்பு ஆறும்போதுதான் வரும். சூட்டோடு உப்புத் தூவி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஆறவிடுங்கள்.

எதில் சேர்ப்பது?

வறுத்த ரொட்டித்தூளோடு பாஸ்தாமேல் நொறுக்கிப் போடுவதும், உப்புக் கருவாடான பக்கலாவோடு பரிமாறுவதும் அந்த ஊர் வழக்கம். உருளைக்கிழங்கு, முட்டைக்கும் நன்றாகச் சேரும். சிவந்த எண்ணெயைக் கொட்டாதீர்கள், பாஸ்தா பிரட்ட அதுவே போதும். பொரிக்காத வற்றலைப் பொடித்தும் வைக்கலாம். அடுப்பை அணைத்தபின் சேருங்கள், இல்லையேல் அதுவும் கருகும்.

பின்சேர்க்கை: மறுநாள் நமுத்துப்போகிறது என்று கேட்டவர்களுக்கு: முழுக்க ஆறுமுன் டப்பாவை மூடியிருப்பீர்கள். 100 டிகிரி அவனில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து ஆறவிட்டால் சரியாகிவிடும்.