மாரிக்கு முந்தி நீச்சலும் ஓட்டமும், தம்பிமாருக்கு

தம்பிமார், நம்மட மட்டக்களப்புல செப்டம்பர் ஒக்டோபர்தான் நமக்கு நல்ல காலம், நவம்பர் பிறந்தா மழையோட கடலும் கொந்தளிக்கும், அதுக்குள்ள உடம்ப தயார்படுத்திரணும்.

கிழமைக்கு மூணு நாள் ஓட்டம், ரெண்டு நாள் நீச்சல், மிச்சம் ஓய்வு. வெள்ளென அஞ்சரைக்கே கல்லடி கடற்கரைக்கு வாங்க, ஈர மணலில ஓடினா கால் புதையாது, ஆனா கரை சரிவா இரிக்கிறதால ஒரு கால் எப்பவும் பள்ளத்துலதான் விழும், அதனால போன தூரத்தயே திரும்பியும் ஓடுங்க, இல்லாட்டி முழங்கால் நோகும், எனக்கு அப்படித்தான் வந்திச்சு. ஓடக்குள்ள கூட வாறவனோட கதைக்க ஏலணும், ஏலாட்டி வேகத்தக் குறைங்க.

நீச்சலுக்கு பாசிக்குடா கடல், ஆழம் குறைவு, அலையும் பெரிசா இல்ல. மட்டக்களப்பு வாவிக்குள்ள மட்டும் இறங்காதீங்க, முதலை இரிக்கி. 25 மீட்டர் அளவுல எட்டுத்தரம், நடுவுல 20 செக்கன் நில்லுங்க. முகம் தண்ணிக்குள்ள இரிக்கக்குள்ளயே மூச்ச குமிழி குமிழியா முழுசா விட்டிரணும், அப்பதான் தலைய திருப்பக்குள்ள இழுக்க நேரம் கிடைக்கும், இது பிடிபட்டா பாதிக் களைப்பு போயிரும். தனிய இறங்கவே வேணாம், கெஞ்சிக் கேக்கன். பின்னேரம் இடி கேட்டா உடன கரைக்கு வாங்க, கடைசி இடி முடிஞ்சு 30 நிமிசம் போனாத்தான் திரும்ப இறங்கலாம்.