மலையில் ஆர்டிகே அளவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆர்டிகே முறையில் (RTK: செயற்கைக்கோள் சிக்னலை வைத்துச் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தை அளப்பது) தேயிலைத் தோட்டம் அளக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “பேஸ் எங்கே?” என்றுதான். பேஸ் என்பது ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் கருவி, ரோவர் என்பது கையில் கொண்டுபோய் அளக்கும் கருவி. “மேட்டுப்பாளையத்தில், ஆபீஸ் மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது” என்று பதில் வந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வேன்.

பேஸும் ரோவரும் ஏறக்குறைய ஒரே காற்றின் வழியாகச் செயற்கைக்கோளைப் பார்க்கின்றன என்ற நம்பிக்கையில்தான் ஆர்டிகே நிற்கிறது. பேஸ் தன் பக்கத்துப் பிழையை அனுப்ப, ரோவர் அதையே தன் பிழையாகக் கழித்துக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் நேர்கோட்டில் 16 கிலோமீட்டர் இருக்கும். கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் உயரம் ஒன்றரை கிலோமீட்டர் போல ஏறிவிடுகிறதே! நடுவிலுள்ள அந்தக் காற்று மட்டும், தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளின் சிக்னலையே 30, 40 சென்டிமீட்டர் அளவுக்குத் தாமதப்படுத்தும். பெரும்பகுதியை மென்பொருள் கணக்கிட்டுக் கழித்துவிடும். நீராவியின் பங்கைத்தான் அதனால் சரியாக ஊகிக்க முடியாது. மிச்சப் பிழை பெரும்பாலும் உயரத்தில் வந்து உட்காரும். திரையில் ‘ஃபிக்ஸ்’ (இடம் துல்லியமாகக் கிடைத்துவிட்டது) என்றே காட்டிக்கொண்டிருக்கும், அதுதான் வில்லங்கம். (மூடுபனியைத் திட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற பனித்துளியால் பெரிய தொல்லை இல்லை, தெரியாத நீராவியால்தான்.) பேஸை மலைக்கே தூக்கிப் போங்கள்.

அடுத்தது நானே செய்த தவறு. கோத்தகிரியில் ஒரு தோட்டத்தில், தினமும் பேஸை வைத்துச் சில நிமிடச் சராசரியையே அதன் ஆயமாக (இடத்தைக் குறிக்கும் எண்களாக) எடுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அளந்த வேலி முதல் நாள் வேலியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றது! பேஸ் ஆயம் தவறினால் எல்லாப் புள்ளியும் அதே அளவு நகரும். முதல் நாளே பாறையிலோ கான்கிரீட்டிலோ ஆணி அடித்து, அதே இடத்தில் அதே எண்களைக் கொடுத்துவிடுங்கள்.

ரேடியோவில் திருத்தம் அனுப்புகிறவர்கள் எல்லாச் செய்தியையும் நொடிக்கொரு முறை திணிக்கிறார்கள். செயற்கைக்கோள் அளவீடுகளைச் சுமக்கும் செய்திகளுக்கு அது சரி. பேஸ் ஆயத்தைச் சொல்லும் 1005 என்ற எண்ணுள்ள செய்தி பத்து நொடிக்கொரு முறை போனாலே போதும். குறுகிய அலைவரிசையில் நெரிசல் வந்தால் திருத்தம் பழசாகி, ஃபிக்ஸ் ஃப்ளோட்டாக (துல்லியம் குறைந்த நிலையாக) இறங்கிவிடும்.

சில்வர் ஓக் மர நிழலில் ஃபிக்ஸ் கிடைத்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். ரோவரை மீண்டும் துவக்கி, புதிதாக ஃபிக்ஸ் வாங்கி, அதே புள்ளியை இன்னொரு முறை அளந்து பாருங்கள்.