ஃபைபர் அறுந்தாலும் போன் அடிக்க: மூன்று ஊர் ஆபீசுக்கு ஒரு இன்டர்நெட் போன் வரைபடம்

வேலூரில் தலைமை ஆபீஸ், ராணிப்பேட்டையில் குடோன், ஆம்பூரில் ஷூ தைக்கும் யூனிட். நம்ம பக்கத்துத் தோல் வியாபாரம் இப்படி ஊர் ஊராகப் பிரிந்து கிடப்பது சகஜம். 0416, 04172, 04174 என்று எஸ்டிடி கோடே மூன்று. இன்டர்நெட் போன் போட்டால் மூன்று ஊரும் ஒரே எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஆகிவிடும். ஆம்பூர் சூப்பர்வைசரை மூன்று இலக்கத்தில் கூப்பிடலாம். ஆனால் நெட் போனால் மூன்று ஊரும் சேர்ந்தே ஊமையாகும். அப்போதும் கால் போக ஒரு மாற்று வழி வைத்து, அதைத் தாளில் வரைந்து, சரிபார்ப்பது எப்படி என்று பார்ப்போம். முதலில் பென்சிலும் தாளும் போதும். டிரா.ஐஓ போன்ற இலவச மென்பொருளில் பிறகு அழகாக வரைந்துகொள்ளலாம்.

படி 1: போன்களை எண்ணுங்கள்

எந்த ஊரில் எத்தனை போன், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் பேசுவார்கள் என்று எழுதுங்கள். எக்ஸ்டென்ஷன் எண்களை ஊர்வாரியாகப் பிரியுங்கள்: வேலூர் 2-ல், ராணிப்பேட்டை 3-ல், ஆம்பூர் 4-ல் தொடங்கட்டும். 1-ல் தொடங்கும் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். 100, 108, 112 எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

ஜி.711 கோடெக்கில், அதாவது குரலை டேட்டாவாக மாற்றும் ஒரு முறையில், ஒரு கால் ஒரு திசைக்குச் சுமார் 87 கேபிபிஎஸ் எடுக்கும். பத்துப் பேர் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ் ஆகாது. அதனால் பெரிய பிளான் வாங்க வேண்டியதில்லை. சிசிடிவி காட்சி கிளவுடுக்கு ஏறும் நேரத்தில் குரல் வெட்டி வெட்டி வருவதுதான் இங்கே தொல்லை. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்துவிடுங்கள், குறிப்பாக அப்லோடு பக்கம்.

படி 2: பெட்டிகளை வரையுங்கள்

வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்: தெருக் கம்பம், ஃபைபர் வந்து இறங்கும் ஓஎன்டி பெட்டி, ரவுட்டர், பிஓஇ ஸ்விட்ச் (நெட் கேபிளிலேயே போனுக்குக் கரண்டும் அனுப்பும் பெட்டி), போன் சர்வர் (கால்களை இணைத்துவிடும் கணினி), போன்கள். சர்வர் வேலூரில் மட்டும் இருந்தால் போதும். மற்ற இரண்டு ஊரும் விபிஎன் வழியாக, அதாவது நெட்டுக்குள்ளேயே போடும் தனி வழியாக, அதில் சேரும். சர்வருக்கு ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள், அதை பிரவுசரிலேயே நிர்வகிக்க ஃப்ரீபிபிஎக்ஸ், இரண்டும் இலவசம்.

இப்போது சிவப்புப் பேனா எடுத்து, எந்தப் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று வரையுங்கள். புதிதாக வரைபவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். சர்வர் யுபிஎஸ்ஸில் இருக்கும், ஸ்விட்சும் இருக்கும், அதனால் போன்களும் உயிரோடு இருக்கும். ஓஎன்டியின் அடாப்டர் மட்டும் ஜன்னலோரச் சாதா பிளக்கில் செருகியிருக்கும். கரண்ட் போனதும் போன் திரை பளிச்சென்று எரியும், கால் மட்டும் போகாது.

படி 3: கால் போகும் வழியைத் தனித் தாளில்

பெட்டி வரைபடத்திலேயே கால் வழியையும் போட்டால் நூல்கண்டு சிக்கினாற்போல் ஆகிவிடும். தனித் தாள் எடுங்கள். வழக்கமான வழிக்கு முழுக்கோடு, மாற்று வழிக்குப் புள்ளிக்கோடு. ஒவ்வொரு கோட்டின் மேலும் 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள்.

வெளியே போகும் காலுக்கு 1: ஃபைபரில் வரும் எஸ்ஐபி டிரங்க், அதாவது லேண்ட்லைன் எண்களை நெட் வழியாகத் தரும் இணைப்பு. 2: வேறொரு நிறுவனத்தின் டிரங்க், 4ஜி ரவுட்டர் வழியாக. 3: பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன், எஃப்எக்ஸ்ஓ கேட்வே பெட்டியில் (லேண்ட்லைனைப் போன் சர்வரோடு சேர்க்கும் பெட்டி) செருகி.

டிரங்கை உரிமம் பெற்ற நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். வேலூர் ஆபீசின் கால்களை ஆம்பூர் லேண்ட்லைன் வழியாக வெளியே விட்டு மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். விதிமுறை அங்கே கறாரானது. வழங்குநரிடம் எழுத்தில் கேட்காமல் அந்தக் கோட்டை வரையாதீர்கள்.

படி 4: விரலால் அறுத்துப் பாருங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏதாவது ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, 'இது அறுந்தால்?' என்று கேளுங்கள். புள்ளிக்கோடும் அதே விரலுக்கு அடியில் போனால் அது மாற்று வழியே இல்லை.

இரண்டு கம்பெனியிடம் இரண்டு ஃபைபர் வாங்கியிருப்பீர்கள். வெளியே போய்த் தலையைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் சுற்றிக்கொண்டு வரும். சாலை அகலப்படுத்த வருகிற ஜேசிபிக்கு எது யாருடைய கேபிள் என்று தெரியாது. அதனால்தான் இரண்டாவது வழியாக 4ஜி சொன்னேன்.

லேண்ட்லைன் இருக்கிறதே என்றால், அதன் ஒயர் எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். இப்போது பல லேண்ட்லைன்கள் ஃபைபருக்கு மாறிவிட்டன. போன் ஒயர் ஓஎன்டியின் பின்பக்கத்தில் போய்ச் செருகியிருந்தால், ஃபைபரோடு அதுவும் சேர்ந்தே போகும். செம்புக் கம்பி இன்னும் உயிரோடு இருந்தால் விட்டுவிடாதீர்கள், அதற்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வருகிறது.

இன்னொன்று: பல வழங்குநர்கள் எஸ்ஐபி டிரங்கைத் தங்கள் சொந்த ஃபைபரோடு பிணைத்தே தருவார்கள். ஃபைபர் போனதும் நெட்டை 4ஜிக்கு மாற்றினாலும் அந்த டிரங்க் கூடவே மாறி வராது. 2-ஆம் வழிக்கு வேறு டிரங்க் வேண்டும் என்றது இதற்காகத்தான். அது யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ரிஜிஸ்டர் ஆகும் வகையாக இருக்கட்டும். நிலையான ஐபி (மாறாத நெட் முகவரி) கேட்கும் வகை 4ஜியில் ஒத்துவராது.

படி 5: சர்வரில் ஏற்றுங்கள்

ஃப்ரீபிபிஎக்ஸில் 'அவுட்பவுண்ட் ரூட்ஸ்' (வெளியே போகும் வழிகள்) பக்கத்தில் மூன்று டிரங்கையும் வரிசையாக அடுக்குங்கள். 108, 112 இரண்டுக்கும் தனி ரூட் போட்டு எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். முன்னால் 9 அழுத்தாமலே போக வேண்டும்.

இதோடு முடிந்தது என்று விட்டால், நெட் போன அன்று மாற்று வழி வேலை செய்யவில்லை என்றே எல்லோரும் சொல்வார்கள். காரணம், செத்துப்போன டிரங்கிலிருந்து பதிலே வராதபோது எஸ்ஐபி விதிப்படி சர்வர் 32 வினாடி காத்திருக்கும். அதுவரை யார் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்? டிரங்க் அமைப்பில் 'குவாலிஃபை' என்ற வசதியை 30 வினாடிக்கு வையுங்கள். சர்வரே அவ்வப்போது தட்டிப் பார்த்து, பதில் இல்லையென்றால் அந்த டிரங்கை ஒதுக்கிவிடும். அப்புறம் வரும் கால்கள் தாமதமில்லாமல் அடுத்த வழிக்குத் தாவும்.

ரவுட்டரும் ஓஎன்டி விளக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது. விளக்கு எரியும், நெட் இருக்காது. வெளியே உள்ள ஒரு முகவரியைப் பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்து, வராவிட்டால் 4ஜிக்கு மாறும்படி அமையுங்கள். ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று, போன் கால் தகவலை இடையில் புகுந்து திருத்தும் வசதி ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும் தொல்லை அதில்தான் அடிக்கடி கிளம்பும்.

படி 6: உள்ளே வரும் கால்

வெளியே போவது உங்கள் கையில். உள்ளே வருவது வழங்குநர் கையில். உங்கள் 0416 எண்ணுக்கு வாடிக்கையாளர் கூப்பிடும்போது டிரங்க் செத்திருந்தால், அதை எங்கே திருப்புவது என்று அவர்கள் பக்கம்தான் அமைக்க வேண்டும். இரண்டாவது டிரங்கின் எண்ணுக்கோ வரவேற்பு மேஜை மொபைலுக்கோ திருப்பச் சொல்லி மெயிலில் கேட்டு வாங்குங்கள். அந்தப் புள்ளிக்கோட்டையும் தாளில் போடுங்கள்.

படி 7: பிடுங்கிப் பாருங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபைபரைக் கழற்றுங்கள். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஒரு கால், வேலூரிலிருந்து வெளியே ஒன்று, வெளி மொபைலிலிருந்து 0416 எண்ணுக்கு ஒன்று. அடுத்து மெயின் சுவிட்சை அணைத்து இதே மூன்றும். மாறும் நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும் கால் துண்டிக்கப்படும். முதலாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் தாளில் தேதி போட்டு, வழங்குநரின் புகார் எண்ணையும் எழுதி, ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள்.