என்.எஸ்.ஆர். ராயல்டி: கணக்கு இடறும் இடங்கள்

சென்னையில் உட்கார்ந்து கனடா, ஆஸ்திரேலியச் சுரங்கங்களின் கணக்கைச் சரிபார்க்கும் ஆடிட்டர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களில் புதிதாக வருபவர் முதலில் செய்யும் தவறு, நம்மூர் அரசு ராயல்டியை மனதில் வைத்துக்கொண்டு என்.எஸ்.ஆரை, அதாவது நெட் ஸ்மெல்டர் ரிட்டர்ன் ராயல்டியைப் படிப்பது. நம்மூர்ச் சுரங்க, கனிமச் சட்டமான எம்.எம்.டி.ஆர். சட்டம் 1957-இன்படி கட்டுவது அரசுக்கு. விகிதமும் அரசு சொல்வதே. என்.எஸ்.ஆர். அப்படியல்ல. உருக்காலை தரும் பணத்தில் உருக்கும், சுத்திகரிப்பு, சரக்குக் கட்டணங்கள் போக மிஞ்சுவதில் கணக்கிடுவது. உரிமத்தை விற்றவருக்கோ முதல் போட்டவருக்கோ ஒப்பந்தத்தின் பேரில் போகும் பங்கு அது. பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம்.

அடுத்தது, 2% என்றதும் உலோக விலையில் 2% என்று எடுத்துக்கொள்வது. ஒரு மாதிரிக் கணக்கு: 25% செம்புள்ள கான்சன்ட்ரேட் (தாதுவை அரைத்துச் செறிவூட்டிய தூள்), உலர் எடையில் 1,000 டன். உள்ளே இருப்பது 250 டன் செம்பு. உருக்காலை 96.5 சதவீதத்துக்குப் பணம் தரும், ஆனால் குறைந்தது 1 யூனிட் (தரத்தில் ஒரு சதவீதப் புள்ளி, அதாவது 25% என்பது 24% ஆவது) பிடிக்கும் என்று வைப்போம். 25-இல் 3.5% கழிவு என்றால் 0.875 யூனிட்தான் வரும். அது போதாது என்று முழு 1 யூனிட்டைப் பிடிப்பார்கள். ஆகப் பணம் கிடைப்பது 240 டன்னுக்கு. டன் 9,000 டாலர் என்றால் 21,60,000. இதில் உருக்கும் கட்டணம் டன்னுக்கு 80 வீதம் 80,000. சுத்திகரிப்பு பவுண்டுக்கு 8 சென்ட் வீதம் சுமார் 42,300. சரக்குக் கட்டணம் மட்டும் ஈர எடைக்கு: 8% ஈரம் என்றால் 1,087 டன், டன்னுக்கு 90 வீதம் சுமார் 97,800. மிச்சம் ஏறக்குறைய 19,39,900. அதில் 2% 38,800 டாலர். விலையை மட்டும் பெருக்கியவர் 45,000 எதிர்பார்த்திருப்பார்.

தோண்டுவது, அரைப்பது, சுரங்கத்தின் ஆலையை நடத்துவது, அலுவலகச் செலவு எதுவும் இதில் கழியக்கூடாது. கழிந்தால் அது லாபப் பங்காகிவிடும். ஒப்பந்தத்தில் 'பிராசஸிங் செலவு' என்று மொட்டையாக எழுதியிருந்தால் உஷார். சுரங்க வாசலிலேயே இருக்கும் ஆலையின் செலவு அந்தச் சொல்லுக்குள் நுழைந்துவிடும். 'சுரங்க எல்லைக்கு வெளியே' என்று எழுதி வாங்க வேண்டும்.

உருக்காலை சொந்தக் குழுமத்தினுடையதா? அப்படியானால் கட்டணம் வெளியாள் கேட்கும் அளவைத் தாண்டாது என்ற வரி அவசியம். விலையை முன்கூட்டியே பூட்டும் ஹெட்ஜிங் லாப நஷ்டம் ராயல்டிக்குள் வராது என்பதையும் தெளிவாக எழுதுங்கள். விலை ஏறும்போது இந்தச் சண்டை வரும். பக்கத்துச் சுரங்கத் தாதுவோடு கலப்பதாக இருந்தால், கலக்கும் முன் எடை, ஈரம், தரம் மூன்றையும் அளந்து மாதிரியைப் பாதுகாக்க வேண்டும். கலந்த பிறகு பிரிக்க வழியில்லை.

சுரங்கம் கைமாறினால் ராயல்டி கூடவே போகும் என்று நம்பிவிடாதீர்கள். ஓர் எண்ணெய் வழக்கில், தரப்பினர் அப்படிக் கருதியிருந்தால் ராயல்டி நிலத்தின் மீதான உரிமையாக இருக்கலாம் என்று 2002-இல் கனடா உச்ச நீதிமன்றம் டைனெக்ஸ் தீர்ப்பில் சொன்னது. தரப்பினரின் அந்த எண்ணம் ஒப்பந்தத்திலேயே தெரிய வேண்டும். பதிவும் செய்துவிட வேண்டும்.

கடைசியாக, காலாண்டு அறிக்கை தற்காலிக விலையில் வரும். உருக்காலையின் இறுதி இன்வாய்ஸ் சில மாதம் கழித்தே கிடைக்கும். ஆட்சேபத்துக்கான கெடு அறிக்கைத் தேதியிலிருந்து ஓடுகிறதா, இறுதி இன்வாய்ஸிலிருந்தா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.